எஸ். பாலச்சந்தர்

எஸ். பாலச்சந்தர் (சனவரி 18, 1927 - ஏப்ரல் 13, 1990) தமிழகத்தைச் சேர்ந்த வீணை இசைக் கலைஞர், திரைப்பட இயக்குநர், நடிகர், இசையமைப்பாளர் ஆவார். வீணை பாலச்சந்தர் என்ற பெயராலும் அறியப்படுகிறார். பாடல்களே இல்லாமல் வெளிவந்த முதல் தமிழ்த் திரைப்படமான அந்த நாள் (1954) இவர் இயக்கியதாகும். 1960களின் பிற்பகுதியில் திரைத்துறையை விட்டு விலகி வீணை இசைக்கே தம்மை அளித்துக் கொண்டார். 1982 இல் இந்திய அரசின் பத்ம பூசண் விருதைப் பெற்றார்.

ஒரு படைப்பு எங்கிருந்து பெறப்பட்டது, அது யாருக்கு உரியது என்ற கேள்வி இவரது வாழ்வின் இரு பகுதிகளிலும் தொடர்ந்து எழுந்தது. இவரது திரைப்படங்களில் பல வெளிநாட்டுப் படைப்புகளோடு ஒப்பிடப்பட்டுள்ளன. இசைத்துறையில் பிறர் படைத்தவை எனக் கருதப்பட்ட இராகங்களையும் கீர்த்தனைகளையும் குறித்து இவரே அக்கேள்வியை எழுப்பினார்.

இவரும் இயக்குநர் கே. பாலசந்தரும் வெவ்வேறு மனிதர்கள்.

பிறப்பும் குடும்பமும்

பாலச்சந்தர் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுந்தரம் ஐயர் வழக்கறிஞர். இசையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். இசைக் கலைஞர்கள் பலர் வந்து செல்லும் வீடாக இவர்களது இல்லம் இருந்தது. பாபநாசம் சிவன் இக்குடும்பத்துடன் நெருங்கிப் பழகியவர்.

தமையனார் எஸ். ராஜம் (1919 - 2010) பாடகரும் ஓவியரும் ஆவார். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி ஆகிய மும்மூர்த்திகளின் உருவங்களாக இன்று பரவலாக அறியப்படும் ஓவியங்கள் இவர் வரைந்தவை. கோடீஸ்வர ஐயரின் 72 மேளகர்த்தா இராகக் கீர்த்தனைகளைப் பரப்பியதிலும் ராஜத்துக்குப் பெரும் பங்கு உண்டு. தமக்கையார் எஸ். ஜெயலட்சுமி, எம். கே. தியாகராஜ பாகவதரின் சிவகவி (1943) திரைப்படத்தில் நடித்தவர்.

சீதா கல்யாணம்

பிரபாத் பிலிம் கம்பனி தயாரித்த சீதா கல்யாணம் (1934) திரைப்படத்தில் இக்குடும்பத்தினர் பலர் நடித்தனர். ராஜம் இராமனாக நடித்தார். ஜெயலட்சுமியும் தந்தை சுந்தரம் ஐயரும் இப்படத்தில் இடம்பெற்றனர். பாலச்சந்தர் இராவணன் அவையில் கஞ்சிரா வாசிக்கும் சிறுவனாகத் தோன்றினார். அப்போது அவருக்கு வயது ஏழு. பாபநாசம் சிவன் திரையிசைக்கு வந்ததும் இப்படத்தின் மூலமே. இதன் பின்னர் பாலச்சந்தர் வேறு சில படங்களிலும் குழந்தை நட்சத்திரமாக நடித்தார். சிறுவயதில் சதுரங்க ஆட்டத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தார்.

இசைப் பயிற்சி

கஞ்சிராவில் தொடங்கிய பாலச்சந்தர் தபேலா, மிருதங்கம், ஆர்மோனியம், புல்புல்தாரா, தில்ரூபா, சிதார் எனப் பல கருவிகளைத் தாமாகவே வாசிக்கக் கற்றார். பதின்ம வயதிலேயே சென்னை வானொலி நிலையத்தில் கலைஞராகச் சேர்ந்தார். சிதாரில் கருநாடக இசைக் கச்சேரிகளும் செய்தார்.

பின்னர் கருநாடக இசையின் கமகங்களுக்கு வீணையே ஏற்றது என்ற முடிவுக்கு வந்து அதனைக் கற்கத் தொடங்கினார். வீணைக்கு இவருக்குக் குரு எவரும் இல்லை. அக்காலத்தில் வீணை வாசிப்பில் தஞ்சாவூர், மைசூர், ஆந்திரப் பாணிகள் குருவழியாகக் காக்கப்பட்டு வந்தன. அவற்றில் எதையும் சாராதவர் என்பதைப் பாலச்சந்தர் குறையாகக் கருதவில்லை. தமது தனித்தன்மைக்கு அடையாளமாகவே அதனைச் சொல்லி வந்தார்.

திரைத்துறையில் நுழைவு

1948 இல் கிருஷ்ணகோபால் இயக்கிய இது நிஜமா திரைப்படத்தில் பாலச்சந்தர் இரட்டை வேடத்தில் கதாநாயகனாக நடித்தார். இப்படத்தின் இசையும் அவருடையது. கொல்லப்பட்ட ஒருவனின் ஆவி தன் இரட்டைச் சகோதரனிடம் தோன்றி நீதி கிடைக்கச் செய்யுமாறு வேண்டுவது இப்படத்தின் கதை. டேனி கே நடித்து 1945 இல் வெளிவந்த வொண்டர் மேன் என்ற அமெரிக்கப் படத்தின் கதையும் இதுவே. தமிழ்ப் படம் அதனைத் தழுவி எடுக்கப்பட்டது.

அதே ஆண்டில் என் கணவர் என்ற திரைப்படத்தை இயக்கி, அதில் அஞ்சலிதேவியுடன் நடித்தார். அப்போது அவருக்கு வயது 21. 1951 இல் ஜூபிட்டர் பிக்சர்சுக்காகக் கைதி என்ற படத்தை இயக்கினார். ராஜாம்பாள் (1951), ஏவிஎம் தயாரித்த பெண் (1954) ஆகியவை இவர் நடிகராகப் பெயர் பெற்ற படங்களில் சில. பெண் படத்தில் இவருக்காக ஜே. பி. சந்திரபாபு பின்னணி பாடினார்.

அந்த நாள்

இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952 இல் பம்பாயில் நடைபெற்று, பின்னர் சென்னை உள்ளிட்ட நகரங்களிலும் தொடர்ந்தது. இவ்விழாவில் அகிரா குரோசாவா இயக்கிய ராசோமோன் (1950) என்ற சப்பானியத் திரைப்படம் காட்டப்பட்டது. அதனைக் கண்ட பாலச்சந்தர், ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறும் முறையில் ஒரு நாடகம் எழுதினார். வானொலி நிலையம் அதனை ஏற்கவில்லை என்று கூறப்படுகிறது. பின்னர் ஏவிஎம் நிறுவனர் ஏ. வி. மெய்யப்பன் அக்கதையைப் படமாக்க இசைந்தார். திரைக்கதையையும் உரையாடலையும் ஜாவர் சீதாராமன் எழுதினார். மாருதிராவ் ஒளிப்பதிவு செய்தார்.

சிவாஜி கணேசன், பண்டரிபாய், ஜாவர் சீதாராமன், டி. கே. பாலச்சந்திரன், பி. டி. சம்பந்தம் முதலியோர் நடித்தனர். சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரத்துக்கு முதலில் கல்கத்தாவைச் சேர்ந்த நடிகர் என். விஸ்வநாதன் தெரிவு செய்யப்பட்டிருந்தார். படம் ஏப்ரல் 13, 1954 அன்று வெளியானது.

கதை இரண்டாம் உலகப் போர்க்காலச் சென்னையில் நிகழ்கிறது. 1943 அக்டோபரில் சப்பானிய வானூர்தி ஒன்று சென்னையில் குண்டு வீசியது வரலாற்று நிகழ்வாகும். அதற்கு மறுநாள் காலை ராஜன் என்ற வானொலிப் பொறியாளர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். மனைவி, தம்பி, தம்பியின் மனைவி, அண்டை வீட்டுக்காரர், ராஜனுக்கு நெருக்கமான நடன மாது ஆகிய ஐவர் மீதும் ஐயம் எழுகிறது. ஒவ்வொருவரும் மற்றொருவரைக் கொலையாளியாகக் காட்டித் தத்தம் கதையைச் சொல்கின்றனர். தமது கண்டுபிடிப்பை அரசு புறக்கணித்ததால் மனம் கசந்த ராஜன், எதிரி நாட்டுக்கு இரகசியங்களை விற்று வந்தார் என்பதும், நாட்டுப்பற்று மிக்க மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியே அவரது உயிரைப் பறித்தது என்பதும் இறுதியில் தெரிய வருகின்றன.

ஒரு படத்தில் ஐம்பது பாடல்கள் வரை இடம்பெற்ற காலத்தை நேரில் கண்டிருந்த தமிழ் இரசிகர்களுக்குப் பாட்டு, நடனம், சண்டைக் காட்சி ஆகிய மூன்றும் இல்லாத படம் புதிதாக இருந்தது. வெளியானபோது வணிக அளவில் பெரிய வெற்றி பெறவில்லை. எனினும் 1954 ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் தகுதிச் சான்றிதழ் பெற்றது. இந்திய அளவில் பாடலற்ற பேசும்படம் இதற்கு முன்னரே வந்துள்ளது, ஜே. பி. எச். வாடியாவின் நவ்ஜவான் (1937) என்ற இந்திப் படம் அவ்வகையில் முதலாவது. தமிழில் அந்த நாள் திறந்த வழியில் ஜெயகாந்தனின் உன்னைப்போல் ஒருவன் (1965), பாலு மகேந்திராவின் வீடு (1988) முதலிய பாடலற்ற படங்கள் பின்னர் வந்தன.

அந்த நாள் படத்தின் மூலம் எது

அந்த நாள் ராசோமோனின் தழுவல் என்றே நெடுங்காலமாகக் கூறப்பட்டு வருகிறது. இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது இக்கூற்று பாதியளவே பொருந்துகிறது.

ராசோமோன் படமே முழுக்க முழுக்கப் புதிய கதை அன்று. ரியூனோசுக்கே அக்குதாகவா எழுதிய இரு சிறுகதைகளை இணைத்து உருவாக்கப்பட்டது. அதில் ஒரு சாமுராயின் மரணம் குறித்து நால்வர் முரண்பட்ட சாட்சியம் தருகின்றனர். கொல்லப்பட்டவனின் ஆவியும் அந்நால்வருள் ஒன்று. யார் சொன்னது உண்மை என்பது கடைசி வரை தீர்க்கப்படுவதில்லை. உண்மையை அறிய முடியுமா என்பதே அப்படத்தின் கேள்வி. சாட்சிகளில் பலர் கொலைப்பழியைப் பிறர்மேல் சுமத்தாமல் தாமே ஏற்றுக் கொள்கின்றனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

அந்த நாள் படத்தில் நிலைமை நேர் எதிரானது. ஒவ்வொருவரும் பிறரையே சுட்டுகின்றனர், துப்பறிவாளர் புதிரை அவிழ்க்கிறார், உண்மை வெளிப்படுகிறது. இவ்வமைப்பு அந்தோணி அஸ்கித் இயக்கிய தி உமன் இன் கொஸ்டின் (1950) என்ற ஆங்கிலப் படத்துக்கு நெருக்கமானது. அதில் கொலையுண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஐவர் ஐந்து விதமாகக் கூறுகின்றனர். காவல்துறையினர் கொலையாளியைக் கண்டுபிடிக்கின்றனர். திரைப்பட வரலாற்றாய்வாளர் சிலர் அப்படத்தையே அந்த நாளுக்கு அருகிலுள்ள முன்மாதிரியாகக் கருதுகின்றனர்.

எவ்வாறாயினும், அப்படங்கள் இரண்டிலும் இல்லாத ஒன்று அந்த நாளில் உள்ளது. கொலைக்கான காரணம் இந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் திறமைக்கு மதிப்புக் கிடைக்காத ஓர் இளைஞன் துரோகியாக மாறுவதும், அவனை நேசிக்கும் மனைவி நாட்டுக்கும் கணவனுக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்ய நேர்வதும் கதையின் உயிர்நாடியாகும். கணவனே தெய்வம் என்ற கருத்து வலுவாக இருந்த 1950களின் தமிழ்த் திரையில் இது துணிவான முடிவு. சொல்லும் முறையைப் பாலச்சந்தர் வெளியிலிருந்து பெற்றார். சொன்ன கதையோ சென்னை நகரத்துக்கு உரியது.

பொம்மை

1956 இல் ஏதி நிஜம் என்ற தெலுங்குப் படத்தையும், 1958 இல் அவன் அமரன், 1962 இல் அவனா இவன் ஆகிய தமிழ்ப் படங்களையும் பாலச்சந்தர் இயக்கினார். 1964 இல் வெளிவந்த பொம்மை படத்தைத் தயாரித்து, இயக்கி, இசையமைத்து, முக்கிய வேடம் ஒன்றில் நடிக்கவும் செய்தார்.

தொழில் கூட்டாளியைக் கொல்வதற்காக வெடிகுண்டு பொருத்தப்பட்ட பொம்மை ஒன்று, உரியவரிடம் சேராமல் நகரத்தில் கைமாறிக் கொண்டே செல்வது இதன் கதை. பொம்மை யார் கையில் உள்ளது என்பது பார்வையாளருக்குத் தெரியும், வைத்திருப்பவருக்குத் தெரியாது. இவ்வகைப் பதற்றத்தை ஆல்பிரட் ஹிட்ச்காக் சபோட்டாஜ் (1936) படத்தில் கையாண்டுள்ளார். அப்படமும் ஜோசப் கான்ராடின் 1907 ஆம் ஆண்டு நாவல் ஒன்றைத் தழுவியதே. ஹிட்ச்காக்கின் படத்தில் குண்டைச் சுமந்து செல்லும் சிறுவன் பேருந்தில் வெடித்து இறக்கிறான். பொம்மையில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் செல்லும் பயணமே முழுப் படமாக விரிகிறது.

கே. ஜே. யேசுதாஸ் பாடித் திரைக்கு வந்த முதல் தமிழ்ப் பாடல் இப்படத்தில் இடம்பெற்றது. படத்தின் முடிவில் அதில் பணியாற்றிய கலைஞர்களையும் தொழில்நுட்பக் கலைஞர்களையும் பாலச்சந்தர் ஒவ்வொருவராகத் திரையில் அறிமுகப்படுத்தினார். எழுத்தில் ஓடும் பெயர்ப்பட்டியலோடு நிறுத்திக்கொள்ளும் வழக்கத்திலிருந்து இது மாறுபட்டது.

நடு இரவில்

பாலச்சந்தர் இயக்கிய கடைசிப் படம் நடு இரவில். 1960களின் நடுவிலேயே எடுக்கப்பட்ட இப்படம் வாங்குவோர் இன்றிக் கிடந்து, 1970 இல் வெளிவந்தது. மேஜர் சுந்தர்ராஜன், பண்டரிபாய், சௌகார் ஜானகி, சோ முதலியோருடன் பாலச்சந்தரும் நடித்தார்.

தீவு ஒன்றில் தனித்திருக்கும் மாளிகையில் ஒரு செல்வந்தர் நோயுற்ற மனைவியுடன் வாழ்கிறார். தம் வாழ்நாள் விரைவில் முடியப் போகிறது என அறிந்ததும் உறவினர்களை அங்கு வரவழைக்கிறார். வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். எஞ்சியோர் தப்ப வழியின்றி ஒருவரை ஒருவர் ஐயுறுகின்றனர்.

இப்படத்துக்கு அகதா கிறிஸ்டி 1939 இல் எழுதிய அண்ட் தென் தேர் வேர் நன் என்ற நாவலே தூண்டுதல். அந்நாவலை ரெனே கிளேர் 1945 இல் அமெரிக்காவில் படமாக்கினார். இந்தியில் கும்நாம் (1965) அதே கருவைக் கொண்டு வெளிவந்து பெருவெற்றி பெற்றது. கிறிஸ்டியின் நாவலில் தீவுக்கு வருவோர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். சட்டத்திடமிருந்து தப்பிய குற்றம் ஒன்று ஒவ்வொருவருக்கும் உண்டு. கொலைகள் அதற்கான தண்டனையாக நிகழ்கின்றன. நடு இரவில் படத்தில் கூடுவோர் அனைவரும் ஒரே குடும்பத்தார். சொத்தின் மீதான ஆசையே அவர்களைத் தீவுக்கு இழுத்து வருகிறது. அந்நியர் நடுவே நிகழும் நீதிக்கதை இங்கே கூட்டுக்குடும்பத்தின் உள்பகையைக் காட்டும் கதையாகி விடுகிறது.

தழுவலும் தனித்தன்மையும்

தனித்த இடத்தில் அடைபட்ட மனிதர் சிலர், ஒவ்வொருவராக மடிதல், உயிர் பிழைக்கப் போராடுதல் என்ற கதையமைப்பு கிறிஸ்டிக்கும் முந்தியது. குவென் பிரிஸ்டோ, புரூஸ் மேனிங் ஆகியோர் எழுதிய தி இன்விசிபிள் ஹோஸ்ட் (1930) என்ற நாவலில், முகந்தெரியாத ஒருவரின் அழைப்பை ஏற்று வந்த எட்டு விருந்தினர் மாடிவீடொன்றில் சிக்கிக் கொள்கின்றனர். வானொலிக் குரல் ஒன்று அவர்களது மரணத்தை அறிவிக்கிறது. இது தி நைன்த் கெஸ்ட் (1934) என்ற படமாகவும் வந்தது.

பிற்காலத்திலும் இதே வாதம் தொடர்ந்தது. கௌசுன் தாகாமியின் பேட்டில் ராயல் (நாவல் 1999, திரைப்படம் 2000) கொடுங்கோல் அரசு ஒன்று பள்ளி மாணவர்களைத் தீவில் விட்டு ஒருவரை ஒருவர் கொல்லச் செய்வதைச் சொல்கிறது. சூசன் காலின்சின் தி ஹங்கர் கேம்ஸ் (நாவல் 2008, திரைப்படம் 2012) வெளிவந்தபோது, அது முன்னதன் நகல் என்று பலர் கூறினர். தம் நாவலை எழுதி முடிக்கும் வரை சப்பானிய நாவலைப் பற்றி அறிந்திருக்கவில்லை என்று காலின்ஸ் மறுத்தார். முதற்படைப்பு மாணவர்களிடையே நட்பும் நம்பிக்கையும் எவ்வாறு உடைகின்றன என்பதில் கருத்தைச் செலுத்துகிறது. அடுத்தது கொலையைக் கேளிக்கையாகக் காணும் தொலைக்காட்சிச் சமூகத்தைக் காட்டுகிறது. கதையின் எலும்புக்கூடு ஒன்றாக இருப்பினும் அவை எழுப்பும் கேள்விகள் வேறு வேறு.

இந்தியச் சட்டமும் இவ்வேறுபாட்டை ஏற்கிறது. ஆர். ஜி. ஆனந்த் என்ற நாடக ஆசிரியர், தமது ஹம் ஹிந்துஸ்தானி நாடகத்தைப் பின்பற்றி நியூ டெல்லி (1956) என்ற இந்திப் படம் எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். 1978 இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், கருத்துக்கோ கதைப்பொருளுக்கோ பதிப்புரிமை இல்லை என்றும், அதனை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை உண்டு என்றும் கூறியது. ஒரே பொருளை வேறு முறையில் கையாண்டால் அது புதிய படைப்பாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வளவுகோலின்படி பார்த்தால் பாலச்சந்தரின் படங்கள் ஒரே தரத்தன அல்ல. இது நிஜமா தன் மூலத்தை நெருங்கிப் பின்பற்றியது. நடு இரவில் அமைப்பைப் பெற்றுக்கொண்டு உறவுகளை மாற்றியது. அந்த நாள் உத்தியை மட்டும் பெற்றுக் கதையையும் அதன் அறச்சிக்கலையும் புதிதாகக் கட்டியது. எனினும் சட்டம் அனுமதிப்பதும் மூலத்துக்கு நன்றி கூறுவதும் வேறு வேறானவை. வெளிநாட்டு மூலங்களைப் படத்தில் குறிப்பிடும் வழக்கம் அக்காலத் தமிழ்த் திரையுலகில் பரவலாக இருக்கவில்லை.

வீணை இசை

1960களின் பிற்பகுதி முதல் பாலச்சந்தர் வீணையை மட்டுமே தம் தொழிலாகக் கொண்டார். ஒரே மெட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களை எழுப்புவது இவரது வாசிப்பின் தனிச்சிறப்பு. இதனால் வாய்ப்பாட்டில் கேட்கும் நீண்ட கமகங்கள் இவரது வீணையில் ஒலித்தன. கீர்த்தனையை விட இராக ஆலாபனைக்கும் தானத்துக்கும் கூடுதல் இடம் அளித்தார். மரபைச் சார்ந்த சிலர் இதனை மிகையானது எனக் கருதினர். வீணையின் எல்லையை விரித்தவர் என மற்றவர்கள் போற்றினர்.

அமெரிக்கா, ஐரோப்பா உள்ளிட்ட பகுதிகளில் கச்சேரிகள் நிகழ்த்தினார். அமெரிக்காவின் வேர்ல்ட் பசிபிக் நிறுவனம் இவரது இசைத்தட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்றில் புல்லாங்குழல் கலைஞர் என். ரமணியுடன் இணைந்து வாசித்துள்ளார். 72 மேளகர்த்தா இராகங்களையும் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளாக வெளியிட்டது 1980களில் இவர் செய்த பெரும் பணியாகும். இவற்றுள் விவாதி இராகங்கள் எனப்படும் 40 மேளங்களைக் கச்சேரிகளில் வாசிப்போர் அந்நாளில் குறைவு.

இராகங்கள் குறித்த சர்ச்சை

ம. பாலமுரளிகிருஷ்ணா நான்கு சுரங்கள் மட்டுமே கொண்ட மகதி, லவங்கி முதலிய இராகங்களை உருவாக்கியவராக அறியப்பட்டார். மகதி இராகம் அபூர்வ ராகங்கள் (1975) திரைப்படத்தின் வழியாகப் பொதுமக்களிடமும் புகழ் பெற்றது. அவர் இந்த இராகங்களைப் படைத்தவர் என்ற உரிமையைப் பாலச்சந்தர் வெளிப்படையாக மறுத்தார். ஓர் இராகத்துக்குக் குறைந்தது ஐந்து சுரங்கள் வேண்டும் என்பது மரபு இலக்கணம். சுரங்களைக் கூட்டியும் குறைத்தும் அடுக்குவதனால் மட்டும் இராகம் பிறந்துவிடாது என்பது மறுப்பாளர் தரப்பு வாதம். இலக்கணம் வழக்கைப் பின்தொடர்ந்து வருவதே. கலைஞனின் கற்பனைக்கு அது தடையாகாது என்பது எதிர்த்தரப்பு வாதம். இப்பிணக்கு இதழ்களிலும் இசை அரங்குகளிலும் நீண்ட விவாதமாயிற்று.

சுவாதித் திருநாள் குறித்த சர்ச்சை

1980களில் பாலச்சந்தர் எழுப்பிய அடுத்த கேள்வி இன்னும் பெரிய புயலைக் கிளப்பியது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் (1813 - 1846) பெயரில் பாடப்படும் கீர்த்தனைகள் அவர் இயற்றியவை அல்ல என்றும், அவரை இசைப் புலவராகக் காட்டுவது பிற்காலத்தில் உருவாக்கப்பட்டது என்றும் அவர் வாதிட்டார். கட்டுரைகளும் நூலும் எழுதினார். அரசுப் பொறுப்பில் இருந்தோருக்கும் மடல்கள் அனுப்பினார்.

இக்கீர்த்தனைகளில் பலவற்றின் பழைய மெட்டுகள் வழக்கொழிந்து போயிருந்தன. 1939 இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரில் இசைக்கல்லூரி தொடங்கப்பட்ட பின்னர், அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் அவரைத் தொடர்ந்து செம்மங்குடி சீனிவாச ஐயரும் பல கீர்த்தனைகளை மீட்டெடுத்தும் மெட்டமைத்தும் மேடைக்குக் கொண்டு வந்தனர். இதனால், இன்று கேட்கும் இசையில் மன்னருடையது எவ்வளவு, மெட்டமைத்தவருடையது எவ்வளவு என்ற கேள்விக்கு இடம் உண்டு. ஆனால் பாலச்சந்தர் அத்துடன் நிற்கவில்லை. பாடலாசிரியர் என்ற நிலையையே மறுத்தார். செம்மங்குடியுடன் கடும் மோதல் ஏற்பட்டது.

இதற்குச் சான்றுகளுடன் மறுப்பு எழுந்தது. மன்னரின் சாகித்தியங்களைக் கொண்ட சுவடிகளையும், கல்லூரி தொடங்கப்படுவதற்கு முன்பே அச்சான நூல்களையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். இன்று பெரும்பாலான இசை வரலாற்றாசிரியர்கள் சுவாதித் திருநாளை ஓர் இசைப் புலவராகவே ஏற்கின்றனர். எனினும் பழைய சாகித்தியத்துக்குப் புது மெட்டு அமைக்கும்போது அதனைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்ற கருத்து இவ்விவாதத்தால் வலுப்பெற்றது.

இச்சர்ச்சைகள் பாலச்சந்தருக்கு இசையுலகில் நண்பர்களைக் குறைத்தன. விட்டுக்கொடுக்காத இயல்பினர் என்று பெயர் பெற்றார். புது உத்தியை அயல்நாட்டுப் படங்களிலிருந்து தயங்காமல் எடுத்தாண்ட இயக்குநரும், இசையில் ஒவ்வொரு சுரத்துக்கும் உரியவர் யார் எனக் கேட்ட வீணைக் கலைஞரும் ஒருவரே என்பது இவரைப் பற்றி எழுதுவோர் எதிர்கொள்ளும் முரணாகும். திரைப்படத்தைப் பலர் கைபட்டு மாறிச் செல்லும் கலையாகவும், இசையைக் காக்க வேண்டிய மரபாகவும் அவரது செயல்கள் காட்டுகின்றன.

மறைவு

பாலச்சந்தர் கச்சேரிக்காகச் சென்றிருந்த பிலாய் நகரில் ஏப்ரல் 13, 1990 அன்று காலமானார். அப்போது அவருக்கு வயது 63.

இவரது வாழ்வையும் மேற்கூறிய சர்ச்சைகளையும் விரிவாக ஆராயும் ஆங்கில வாழ்க்கை வரலாறு ஒன்றை விக்ரம் சம்பத் எழுதி 2012 இல் வெளியிட்டார். அந்த நாள் தமிழின் சிறந்த படங்களைப் பற்றிய பேச்சுகளில் தவறாமல் இடம்பெறுகிறது. பல கோணங்களில் ஒரே நிகழ்வைச் சொல்லும் முறை தமிழில் பின்னர் விருமாண்டி (2004) போன்ற படங்களிலும் கையாளப்பட்டுள்ளது.

இயக்கிய திரைப்படங்கள்

* என் கணவர் (1948)
* கைதி (1951)
* அந்த நாள் (1954)
* ஏதி நிஜம் (1956, தெலுங்கு)
* அவன் அமரன் (1958)
* அவனா இவன் (1962)
* பொம்மை (1964)
* நடு இரவில் (1970)